டின் பால் வந்த வருஷம்

என் ஓரகத்தியைப் பார்த்து நான் பொறாமைப்பட்டது அவள் நகைக்கோ நிறத்துக்கோ இல்லை. ஒரு பால் பவுடர் டின்னுக்கு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். மூடியைத் திறந்தால் உள்ளே வெள்ளித் தாள். அதைக் கிழித்தால் ஒரு வாசனை வரும், வாசனைக்குள் புதைந்தபடி ஒரு சின்ன பிளாஸ்டிக் கரண்டி இருக்கும். டின்னுக்கு வெளியே கொழுகொழுவென்று ஒரு குழந்தைப் படம். அது என்னைப் பார்த்தே சிரிக்கிற மாதிரி இருக்கும். அடுப்படிக்குப் போக வர அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் போகவேண்டும், எனக்கு வயிறு எரியும்.

மரக்காணத்து உப்பளத்தை ஒட்டின ஊர் எங்களுடையது. ஒரே வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்களைக் கட்டிக்கொண்ட நாங்கள் இரண்டு பேர், எல்லாருக்கும் மேலே மாமியார். நான் பெரியவள், அவள் சின்னவள். மாமியார் எங்களை அப்படித்தான் கூப்பிடுவாள். 2004ஆம் வருஷம் மழைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் அடுத்தடுத்துப் பெற்றோம். எனக்கு ஆவணியில் பெண், அவளுக்குப் புரட்டாசியில் பையன். என் மகளைப் பார்க்க என் அம்மா வீட்டுக்கு வந்த மாமியார் காபி குடித்துவிட்டு, துணியை விலக்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டாள். சின்னவளுக்குப் பிறந்தபோது தெரு முழுக்க சாக்லேட் கொடுத்தாள். அந்த சாக்லேட்டில் ஒன்று எனக்கும் வந்தது. நான் தின்னவில்லை, கோழிக்குப் போட்டேன். கோழியும் தின்னவில்லை.

அந்த டிசம்பரில் கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் தெருவில் யாரும் சாகவில்லை. கழுவெளி என்கிற உப்பங்கழி வழியாகத் தண்ணீர் ஏறி உப்பளத்து வரப்புகளைக் கரைத்துவிட்டு, பாத்தி முழுக்கக் கருப்புச் சேற்றைக் கொட்டிவிட்டுப் போனது. செத்தவர்கள் எல்லாரும் கடலோரக் குப்பத்தில். நிவாரண லாரிகளும் அங்கேதான் போயின. ஈ.சி.ஆர் ரோட்டில் நின்று நாங்கள் அந்த லாரிகளைப் பார்த்துக்கொண்டிருப்போம். அரிசி, பாய், பக்கெட், போர்வை எல்லாம் எங்களைத் தாண்டிப் போகும். பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்தா பொறாமைப்பட்டீர்கள் என்று கேட்கலாம். பட்டோம். தெருவே பட்டது. வேலையில்லாமல் சும்மா உட்கார்ந்திருக்கிற வயிற்றுக்கு நியாயம் தெரியாது.

சின்னவளின் அண்ணன் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். குப்பங்களுக்குச் சாமான் ஏற்றிப்போகிற வேலை கிடைத்தது அவனுக்கு. ஒருநாள் சாக்கு மூட்டை ஒன்றை எங்கள் வீட்டுக் கூடத்தில் இறக்கினான். குப்பத்தில் கைக்குழந்தை குறைவு, மீந்துபோச்சு என்றான். உள்ளே டின்கள், பால் பாட்டில், ரப்பர் காம்பு எல்லாம் இருந்தன. தாய்மாமன் சீர் வந்தது மாதிரி மாமியார் ஒவ்வொன்றாக எடுத்து சாமி படத்துக்குப் பக்கத்து அலமாரியில் அடுக்கினாள். அதற்கு முந்தின வாரம் என் அண்ணன் கொண்டுவந்தது ஒரு பூசணிக்காய். அது இன்னும் மூலையில் கிடந்தது.

வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் மாமியார் டின்னை எடுத்துக் காட்டுவாள். நான் ஒருதரம் வாயைத் திறந்து கேட்டேன்.

"அத்த, பொண்ணுக்கும் ஒருவேளை கலக்கிக் குடுக்கலாமா?"

"உனக்கு இன்னாடி, மாடு மாதிரி பாலு இருக்குது. இது ஆம்பளப் புள்ளைக்கு வந்தது."

அன்றைக்கே மத்தியானம் சின்னவள் கொல்லைப்பக்கம் வந்து, என் உள்ளங்கையைப் பிடித்து விரித்து, ஒரு கரண்டி பவுடரைக் கொட்டிவிட்டுப் போனாள். குழந்தைக்கு என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பாள். நான் அங்கேயே நின்று நக்கித் தின்றுவிட்டேன். அவ்வளவு ருசியாக இருந்தது. ருசியாக இருந்ததால் கோபம் இன்னும் கூடிவிட்டது.

மாசியில் சேற்றை வாரி வரப்புக் கட்டி, உப்பளத்தில் மறுபடியும் வேலை தொடங்கியது. ஆண்கள் பாத்தியில் உப்பை வாருவார்கள். பெண்கள் கூடையில் தலைச்சுமையாக வரப்பு மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டவேண்டும். மழைக்காலம் முழுக்கச் சும்மா இருந்த வீடு, நாங்கள் இரண்டு பேரும் போனால்தான் உலை கொதிக்கும். மாமியாருக்கு ஒரு யோசனை வந்தது. உப்பில் நிற்கிறவள் பால் உப்புக் கரிக்கும், அது பையனுக்கு ஆகாது, டின்தான் இருக்கிறதே, சின்னவள் பாலை நிறுத்திவிடட்டும் என்றாள். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு பேச்சு உண்டு. நான் என் பாலை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறேன். இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யாரிடம் போய் அதைச் சொல்வது?

இந்த யோசனை அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கொழுந்தன் ஒரு சாயங்காலம் வாழை இலையில் சுருட்டி மல்லிகைச் சரம் வாங்கிவந்ததுதான். மறுநாளும் வாங்கிவந்தான். அதற்கு மறுநாளும். என் வீட்டுக்காரர் கல்யாணத்துக்குப் பிறகு எனக்குப் பூ வாங்கித் தந்ததே இல்லை. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. பையனைப் பெற்றவள், பால் டின் வைத்திருப்பவள், இப்போது தினம் பூ வேறு. என்னைப் பார்த்துப் பொறாமைப்பட உலகத்தில் ஒருத்திகூட இல்லையா என்று நினைத்துக்கொண்டே பாத்திரத்தைப் போட்டுத் தேய்த்தேன். பிறகுதான் அவள் தலையில் பூவே இல்லை என்பது உறைத்தது. குளிக்கிற தட்டிக்குப் பின்னால் பார்த்தேன். மல்லிகையை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பால் வற்றுவதற்கு எங்கள் ஊரில் செய்கிற வைத்தியம் அது. பிள்ளை செத்துப்போனவளுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள். உயிரோடு இருக்கிற பிள்ளையின் அம்மா கட்டி நான் பார்த்ததில்லை.

"வலிக்குதாடி?" என்றேன்.

"கல்லு மாதிரி இருக்குதுக்கா," என்றாள். "ரெண்டு நாள்ல சரியாயிடும்னு அத்த சொல்லிட்டாங்க."

சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு அவள் ரவிக்கை நனையவில்லை. அதைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். தலையில் கூடையோடு நடக்கும்போது எங்கேயாவது ஒரு குழந்தை அழுதால் போதும், எனக்குப் பால் சுரந்து வழியும். வழிந்த பாலில் உப்புத் தூள் ஒட்டிக் காய்ந்து, ரவிக்கை தகடு மாதிரி ஆகி, மார்பை அறுக்கும். அவள் சுத்தமாக நடந்துபோவாள். நான் குழந்தைக்குப் பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் மேஸ்திரி, "இந்தம்மா அரை ஆளு" என்பார். அவள் முழு ஆள்.

என் மகளை நான் உப்பளத்துக்குத்தான் தூக்கிப்போனேன். மாமியார் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு புள்ளையப் பாக்கறதே பெரிசு. உம் பொண்ண நீயே தூக்கிட்டுப் போ."

பையன் வீட்டில் ஃபேனுக்குக் கீழே. என் பெண், வெயில் வெள்ளையாக எரிகிற உப்பளத்தில், சாமான் கொட்டகையின் மூங்கிலில் பழைய புடவைத் தூளியில். உப்புக் காற்றில் அவள் கன்னம் வெடித்தது, கண் எப்போதும் சிவந்திருந்தது. அந்த ஃபேனை நினைத்து நான் வாய்விட்டுத் திட்டியிருக்கிறேன். பாத்தித் தண்ணீரில் நின்றுகொண்டு ஒரு ஃபேனைத் திட்டிய பைத்தியக்காரி நானாகத்தான் இருப்பேன்.

வெயிலில் இருந்து வந்த உடனே பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அது சூட்டுப் பால், பிள்ளைக்கு வயிற்றால் போகும். முதல் பாலைக் கொட்டாங்குச்சியில் பீய்ச்சி முருங்கை மரத்து வேரில் ஊற்றிவிட்டு, உடம்பு ஆறின பிறகுதான் பிள்ளையை எடுக்கவேண்டும். வீட்டில் இருந்தால் மாமியார் பக்கத்தில் நின்று செய்யவைப்பாள். உப்பளத்தில் மாமியாரும் இல்லை, முருங்கை மரமும் இல்லை. ஆறுகிறவரைக்கும் உட்கார மேஸ்திரி விடமாட்டார். வேர்வையோடு அப்படியே எடுத்து வாயில் வைத்துவிடுவேன். ஒவ்வொரு தடவையும் பயம்தான். சின்னவள் ஒருதரம் பார்த்துவிட்டாள்.

"அக்கா, சூட்டுப் பாலு."

"நீ வாய மூடிக்கினு போ," என்றேன். அவள் வீட்டில் சொல்லவில்லை.

வீட்டில் என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். அலை வந்துபோன பிறகு எங்கள் தெரு அடிபம்பில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. குடிக்க டேங்கர் லாரித் தண்ணீர். லாரி வருகிற நாளில் அடித்துப்பிடித்துப் பிடித்து நீல டிரம்மில் ஊற்றி வைப்போம். அடுத்த லாரி வருகிறவரைக்கும் எல்லாரும் மொள்ளுவது அதில்தான். மாமியார் காலையிலேயே பாட்டில் பாலைக் கலக்கிவைப்பாள். அழும்போதெல்லாம் அதையே வாயில் வைப்பாள். தீர்ந்தால் அதே தண்ணீரில் குலுக்கிக் கழுவி மறுபடியும் கலக்குவாள். பங்குனி முடிவதற்குள் அலமாரியில் கடைசி டின்தான் மிஞ்சியது. லாரிகளும் நின்றுபோயின. கடையில் அந்த டின் விற்கிற விலைக்கு நாங்கள் எங்கே போவது? கரண்டி குறைந்தது, தண்ணீர் கூடியது. கடைசியில் அது அரிசி களைந்த தண்ணீர் நிறத்தில் இருந்தது. பையன் அதைச் சப்பிக்கொண்டு கிடப்பான். அவன் கன்னம் ஒட்டியதை நான் பார்த்தேன். என் பெண் இடுப்பில் கனத்தாள். வெடித்த கன்னம்தான், ஆனால் கனம். எனக்குள் ஓர் அல்ப சந்தோஷம் இருந்தது. அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அந்தப் பெண் இப்போது நர்சிங் படிக்கிறாள். போன வருஷம் லீவில் வந்தபோது பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர் தேசத்தில் மில் நிறைந்த ஒரு நகரமாம். அம்மாக்கள் எல்லாரும் மில்லுக்குப் போய்விடுவார்களாம். பிள்ளைகளுக்கு வீட்டில் பாட்டில் பால், கெட்ட தண்ணீர், நெருக்கமான வீடு. வெயில் காலம் வந்தால் கைக்குழந்தைகள் வயிற்றால் போய்க் கொத்துக் கொத்தாகச் சாகுமாம். வறுமை, அம்மாவின் வேலை, தண்ணீர் என்று காரணங்களைச் சொல்லிக்கொண்டே போனாள். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஊர்ல மாமியாருங்க உண்டா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் பாடத்துல இல்லம்மா," என்று சிரித்தாள். பாடத்தில் வயிற்றெரிச்சலும் இல்லை.

கத்திரி வெயிலில் சின்னவள் பையனுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் பல் முளைக்கிறது என்றார்கள். பிறகு பச்சையாகப் போனது. உச்சிக்குழி உள்ளே வாங்கியது. அதைத் தொட்டுப் பார்த்த மாமியார், தோஷம் பட்டுவிட்டது என்றாள். தோஷம் என்றால் யாரோ ஒருத்தர் பார்த்திருக்கவேண்டும். கூடத்தில் உட்கார்ந்து, என் பக்கம் திரும்பாமல், எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"கண்ணாலயே தின்னுட்டாளுங்க. டின்னு வந்த நாள்லேந்து அலமாரியையே பாத்துக்கினு இருந்தா எப்படி வெளங்கும்?"

நான் பார்த்தது உண்மை. ஆனால் என் கண்ணுக்கு அவ்வளவு சக்தி இருந்திருந்தால் முதலில் அந்த மேஸ்திரி அல்லவா விழுந்திருக்கவேண்டும். இதைச் சொல்ல வாய் வந்தது. என் வீட்டுக்காரர் கையைக் காட்டி அடக்கினார். அன்றிலிருந்து பையன் கிடந்த அறைப்பக்கம் நான் போகக்கூடாது என்றாகிவிட்டது.

ஊருக்கு வருகிற நர்சம்மா பார்த்துவிட்டு ஒரு பொட்டலம் கொடுத்தார். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள், நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் பொட்டலத்தைப் பிரித்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் மாறியது.

"உப்பு," என்றாள். "உப்புல நின்ன பாலு ஆவாதுன்னுதானே நிறுத்தனோம். மறுபடியும் உப்பையே கரைச்சு ஊத்தச் சொல்றா. நம்மூட்டுல உப்புக்கு இன்னா பஞ்சமா, இவ பொட்டலத்துல கொண்டாந்து குடுக்கறதுக்கு?"

கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. உப்பு காலைத் தின்னும், கையைத் தின்னும், இரும்பைத் தின்னும் என்று தெரிந்தவர்கள் நாங்கள். வாடிப்போன பிள்ளைக்கு அதையே ஊட்டு என்றால் எப்படி நம்புவது? பொட்டலத்தை மடித்துக் காலி டின்னுக்குள் போட்டாள். உள்ளே போகிற தண்ணீர்தானே வெளியே போகிறது என்று தண்ணீரையும் நிறுத்தினாள். வேப்பிலை அடித்து மந்திரிக்கிறவரிடம் திருநீறு வாங்க அவளே வெயிலில் கிளம்பினாள். பேரன் மேல் அவளுக்கு உயிர், அதில் சந்தேகமே இல்லை.

அவள் போனதும் சின்னவள் பையனைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். நான் முருங்கை மரத்தடியில் என் பெண்ணுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. ரவிக்கையின் முன்பக்கம் கசங்கியிருந்தது.

"பீச்சிப் பீச்சிப் பாத்துட்டேன்கா. ஒரு சொட்டு இல்ல," என்றாள். "நீ கொஞ்சம் குடுக்கா."

டின் வைத்திருந்தவள் என்னிடம் கையேந்துகிறாளே என்று ஒரு நிமிஷம் குளிர்ந்தது எனக்கு. அதையும் சொல்லிவிடுகிறேன், அப்படித்தான் இருந்தது. பிறகு பையனைக் கையில் வாங்கினேன். கனமே இல்லை, காலிக் கூடையைத் தூக்கின மாதிரி இருந்தது. என் பெண்ணை இறக்கிக் கீழே விட்டேன், அவள் கத்தினாள். பையன் வாயில் மார்பை வைத்தேன். அவனுக்கு அதை எப்படிப் பிடிப்பது என்று மறந்துபோயிருந்தது. ரப்பர் காம்பு பழகின வாய். நாக்கால் தள்ளினான், தலையைத் திருப்பினான். சின்னவள் அவன் தலையைப் பிடித்து அழுத்தினாள். அவன் அழவும் இல்லை.

"பாலாடைய எடுத்துக்கினு வாடி," என்றேன். ஓடிப்போய் எடுத்துவந்தாள். அந்த மூக்கு வைத்த கிண்ணத்தில் பீய்ச்சி அவன் வாயோரத்தில் விட்டேன். ஒரு மடக்கு உள்ளே போனது. இன்னொரு மடக்கு. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கீழே என் பெண் என் புடவையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாள், அவளுடையதை யாருக்கோ கொடுக்கிறேன் என்று. அவளுக்கும் அந்த எரிச்சல் ரத்தத்திலேயே இருந்தது.

பாலாடை காலியாவதற்குள் மாமியார் வந்துவிட்டாள். கையில் திருநீறு. என் மடியில் பையனைப் பார்த்ததும் பிடுங்கினாள்.

"கண்ணு வெச்சவகிட்டயே பாலு வாங்கிக் குடுக்கறியா? அதுவும் சூட்டுப் பாலு."

சின்னவள் எதுவோ சொல்ல வந்தாள். மாமியார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பையனுக்குக் கண் செருகியது. ஒரே ஓட்டமாக ஓடி ஆட்டோ பிடித்து வந்தார்கள். என் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் பஸ்ஸுக்கு நின்றதுதான் அப்போதும் ஞாபகம் வந்தது. மரக்காணத்தில் பார்த்துவிட்டு உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். வழியில் இருக்கிற கீழ்புத்துப்பட்டைப் பையன் தாண்டவில்லை. ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

கைக்குழந்தைக்கு மேளம் கிடையாது, பாடை கிடையாது, காரியம் கிடையாது. என் கொழுந்தன் துணியில் சுற்றித் தூக்கிப்போய்க் கழுவெளிக் கரையில் புதைத்துவிட்டு வந்து குளித்தான். தெருப் பெண்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். யார் கண்ணோ என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் என்னைப் பார்க்காமல் இருக்கப் பிரயாசைப்பட்டார்கள். சின்னவள் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாழை இலையில் சுருட்டி எதையோ கொண்டுவந்து மாமியார் கையில் கொடுத்தாள். மாமியார் அதை வாங்கிச் சின்னவள் மடியில் வைத்தாள். மல்லிகைச் சரம். பிள்ளை போனவளுக்குப் பால் கட்டிக்கொள்ளாமல் இருக்க யாராவது ஒருத்தி கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை.

சின்னவள் இலையைப் பிரித்தாள். பூவைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது எதுக்கு அத்த?" என்றாள். "அதான் மாசியிலயே வெச்சுக் கட்டிட்டோமே."

அந்த நேரம் பார்த்து உள்ளே தூளியில் என் பெண் விழித்துக்கொண்டு அழுதாள். அழுகை கேட்டதும் எனக்குச் சுரந்துவிட்டது. ரவிக்கை இரண்டு பக்கமும் நனைந்து வட்டமாகப் பரவியது. சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, ரவிக்கையைப் பார்த்தாள். நான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்த வீட்டில் ஒருத்தியாவது என்னைப் பார்த்து வயிறெரியமாட்டாளா என்று ஏங்கினவள் நான். அன்றைக்குத்தான் ஒருத்திக்கு எரிந்தது.